நாயகன் இல்லாத கான்செர்ட்டோ

(சங்கீத ரசிகர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றிப் பேச முன்வருகிறவர்கள் பெரும்பாலும் பாக், மோஸார்ட், பீத்தோவன் ஆகிய மகான்களின் புகழைப் பாடிவிட்டு அமர்ந்துவிடுவது வழக்கம். மறைந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆனவர்களைப் புகழ்வதில் யாதொரு அபாயமும் இல்லை. அவர்களைப் பற்றிய தீர்ப்பைக் காலம் என்னும் நியாயாதிபதி முன்னமே எழுதி முத்திரையிட்டு வைத்திருப்பதால், பேசுகிறவர் அதை வாசித்துக் காட்டினால் போதும். நான் இன்று அவ்வளவு சௌகரியமான பாதையில் செல்லப்போவதில்லை. நம்மில் மூத்தவர்கள் பலர் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், 1985-ஆம் ஆண்டுக்கும் 1988-ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுதப்பட்ட, வாசித்து முடிக்க இருபத்துநான்கு நிமிஷத்துக்கு மேல் செல்லாத ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதைச் சற்று நெருங்கி நின்று பார்க்க உத்தேசித்திருக்கிறேன். அது கியோர்கி லிகெட்டி என்னும் ஹங்கேரிய இசைப்படைப்பாளர் பியானோவுக்கும் வாத்திய கோஷ்டிக்குமாக எழுதிய கான்செர்ட்டோ.

கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியக்காரரையும் ஒரு பெரிய வாத்திய கோஷ்டியையும் எதிரெதிரே நிறுத்தி, அவர்களுக்குள் நடக்கும் சம்வாதத்தையும் பூசலையும் சமரசத்தையும் சங்கீதமாக்கும் உருவம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மோஸார்ட் 1785-இல் எழுதிய டி மைனர் கான்செர்ட்டோவில், வாத்திய கோஷ்டி இருளும் புயலுமாகப் பேசி ஓய்ந்த பின்பு, பியானோ அது பேசிய எதையும் திருப்பிச் சொல்லாமல், தன்னந்தனியாகத் தனக்கே உரிய ஒரு புதிய வார்த்தையோடு உள்ளே வருகிறது. பீத்தோவனின் நாலாவது கான்செர்ட்டோவின் நடுப்பகுதியிலோ, தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒரே குரலில் கடுமையாக அதட்ட, பியானோ தாழ்ந்த குரலில் இறைஞ்சி இறைஞ்சி, கடைசியில் அந்தக் கடுமையைக் கரைத்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நாடகம் மேலும் மேலும் படாடோபமாகி, சைகாவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவின் தொடக்கத்தில் பியானோக்காரர் இரு கைகளாலும் வாரி இறைக்கும் அந்தப் பெரிய ஸ்வரக்கூட்டங்களைக் கேட்கும்போது, வெற்றிமாலை முன்னமே கழுத்தில் விழுந்துவிட்ட வீரன் ஒருவன் அரங்கிலே பிரவேசிக்கிறான் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த வீரனை நான் குறைத்துப் பேசவில்லை. அவனைக் கேட்டுக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். ஆயினும் இரண்டு உலக யுத்தங்களுக்குப் பின்பும் அவனை அதே மாலையோடும் அதே மிடுக்கோடும் மேடையேற்ற முடியுமா என்பது, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் கான்செர்ட்டோ எழுத உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் எதிர்ப்பட்ட பிரச்சினை. லிகெட்டி அதற்குக் கண்ட விடை, எனக்குத் தெரிந்தவரையில், மற்றெவர் கண்ட விடையையும்விடத் துணிச்சலானது.

அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1923-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி, அப்போது ருமேனியாவின் வசம் இருந்த டிரான்ஸில்வேனியாவில் ஒரு சிற்றூரில், ஹங்கேரிய மொழி பேசும் யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கணிதமும் பௌதிகமும் கற்க விரும்பிய இளைஞருக்கு, யூதர் என்ற ஒரே காரணத்தால் சர்வகலாசாலையின் கதவு அடைபட்டது. அதனால்தான் சங்கீதப் பள்ளியின் கதவைத் தட்டினார். பியானோ கற்கத் தொடங்கியதே பதினான்காம் வயதில். அந்த வயதில் தொடங்கியவர் கச்சேரி மேடைக்கு உரிய வித்வானாக முடியாது. தம் விரல்களின் இயலாமையைப் பற்றி அவரே பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 1944-இல் அவரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்த்தார்கள். தந்தையும் தம்பியும் நாஜி முகாம்களில் மாண்டார்கள். அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட தாயார் மட்டும் உயிர் பிழைத்து மீண்டார்.

யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவுக்குச் சென்றுவிட்ட ஹங்கேரிய இசைமேதை பேலா பார்டோக் தாயகம் திரும்புவார், அவரிடம் கற்கலாம் என்ற பேரார்வத்தோடு லிகெட்டி புடாபெஸ்டுக்கு வந்தார். 1945-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சங்கீத அகாதமியின் நுழைவுத் தேர்வுக்கு அவர் சென்றபோது, கட்டடத்தின் மேல் கறுப்புக்கொடி பறந்துகொண்டிருந்தது. பார்டோக் நியூயார்க்கில் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்திருந்தது. அன்று அதே தேர்வுக்கு வந்து அதே கொடியைக் கண்ட மற்றோர் இளைஞர் கியோர்கி குர்டாக். பின்னாளில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள், ஆயுள்முழுதும் நண்பர்களாகவும் இருந்தார்கள்.

பிறகு வந்தது ஸ்டாலின் காலத்துக் கெடுபிடி. எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று கட்சிக் காரியாலயம் தீர்மானித்த அந்த வருஷங்களில், அவர் தம் உள்ளத்துக்கு உகந்ததை எழுதி மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்தார். 1956-ஆம் ஆண்டுப் புரட்சி நசுக்கப்பட்டதும், டிசம்பர் மாதத்தில் எல்லையைக் கடந்து வியன்னாவுக்கு ஓடினார். அங்கிருந்து கொலோன் நகரத்து மின்னணு இசைக்கூடத்துக்குச் சென்றார். 1961-இல் 'அட்மாஸ்ஃபேர்' என்ற வாத்திய கோஷ்டிப் படைப்பு அவர் பெயரை ஐரோப்பா முழுதும் பரப்பியது. ஸ்டான்லி குப்ரிக் என்ற திரைப்பட மேதை 1968-இல் தம்முடைய விண்வெளிச் சித்திரத்தில் அவருடைய இசையை அவரைக் கேட்காமலே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டதால், அவர் பெயரை அறியாத கோடிக்கணக்கான மனிதர்களும் அவர் நாதத்தைக் கேட்டிருக்கிறார்கள். புகழ் இப்படியும் வருவதுண்டு.

அந்த அறுபதுகளின் இசையில் தாளம் என்று சொல்லத்தக்கது எதுவும் காதில் விழாது. எண்ணற்ற இழைகள் மிக நெருக்கமாகப் பின்னி, மேகம்போல் நிற்கும் நாதப்பரப்பு மட்டுமே கேட்கும். சிறு வயதில் அவர் கண்ட ஒரு கனவைப் பற்றி எழுதியிருக்கிறார்: படுக்கைக்குச் செல்ல முடியாதபடி அறை முழுவதையும் ஒரு சிலந்திவலை அடைத்திருக்கிறது, பூச்சிகளும் பழம்பொருள்களும் அதில் சிக்கியிருக்கின்றன, ஏதேனும் ஒன்று அசைந்தால் வலை முழுதும் அசைந்து, அதன் அமைப்பே மாறிவிடுகிறது, பழைய அமைப்பு திரும்புவதே இல்லை. இந்தக் கனவைத் தம் ஆரம்பகாலப் படைப்பு ஒன்றோடு சேர்த்துத்தான் அவர் சொன்னார். ஆனால் நான் பேச எடுத்துக்கொண்ட கான்செர்ட்டோவைக் கேட்டபோதுதான் அந்தக் கனவின் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது.

1978-இல் அவருடைய இசைநாடகம் ஸ்டாக்ஹோம் நகரில் அரங்கேறிய பின்பு, சில வருஷங்கள் அவர் ஏறக்குறைய மௌனமாகிவிட்டார். தாம் நடந்து வந்த பாதை முடிந்துவிட்டது என்பது தெரிந்தது. புதிய பாதை தெரியவில்லை. பியானோ கான்செர்ட்டோவின் முதல் பக்கத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக ஐந்து ஆண்டுகள் கழிந்தன என்றால் நம்புவீர்களா? அந்த வறட்சிக் காலத்தில் மூன்று திசைகளிலிருந்து மூன்று காற்றுகள் அவர்மேல் வீசின.

முதலாவது, மெக்ஸிகோவில் வாழ்ந்த கான்லான் நான்கரோ என்ற அமெரிக்கர். ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் குடியரசின் பக்கம் நின்று போரிட்டு, அதனால் சொந்த நாட்டில் சந்தேகத்துக்கு ஆளாகி, மெக்ஸிகோ நகரில் ஒதுங்கி வாழ்ந்த இவர், துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் இயந்திரப் பியானோவுக்காக, ஒவ்வொரு துளையையும் தம் கையாலேயே குத்திக் குத்தி, மனித விரல்களுக்கு எட்டாத தாளச் சிக்கல்களைப் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இயற்றி வந்தார். 1980-இல் பாரிஸில் ஓர் இசைத்தட்டுக் கடையில் அவருடைய இசை அகப்பட்டதும் லிகெட்டி பிரமித்துப் போனார்.

இரண்டாவது காற்று மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் அவரிடம் பயின்ற போர்ட்டோ ரிக்கோ மாணவர் ரோபெர்ட்டோ சியெர்ரா, சிம்ஹா அரோம் என்ற ஆராய்ச்சியாளர் பண்டா லிண்டா மக்களிடையே பதிவு செய்த கொம்பு வாத்திய இசையை அவருக்குக் கேட்கக் கொடுத்தார். அந்தக் கோஷ்டியில் ஒவ்வொரு கொம்புக்கும் ஒரே ஒரு ஸ்வரந்தான். தன் ஸ்வரத்தைத் தனக்குரிய கணத்தில் ஊதுவதைத் தவிர ஒருவனுக்கு வேறு வேலை இல்லை. ஆயினும் எல்லோரும் சேர்ந்து ஊதும்போது, எவர் வாயிலும் இல்லாத ஒரு கானம், காற்றிலே தானாகவே பிறந்து நடமாடுகிறது.

மூன்றாவது காற்று கணிதத்திலிருந்து வந்தது. மாண்டெல்பிராட் என்ற கணித மேதையின் ஃப்ராக்டல் வடிவங்களை, பிரேமன் நகரத்துப் பைட்கென் என்பவரும் அவருடைய சகாக்களும் கம்ப்யூட்டரைக் கொண்டு வண்ணப் படங்களாக்கியிருந்தார்கள். சிறு பகுதியைப் பெரிதாக்கினால் முழுமையின் சாயலே அதற்குள் மீண்டும் தோன்றும் அந்தப் படங்கள், பௌதிகம் படிக்க விரும்பிக் கிட்டாமற்போன அந்தப் பழைய மாணவரை அடியோடு வசீகரித்துவிட்டன.

இவை மூன்றோடும் அவர் பிறந்த மண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிரான்ஸில்வேனியக் கிராமங்களின் நொண்டி நடைத் தாளங்களைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டவர் அவர். படிப்பை முடித்ததும் ருமேனியாவுக்குச் சென்று நாட்டுப்பாடல்களை ஆராய்ந்தவருங்கூட. ஆப்பிரிக்கக் கொம்புகளை அவர் காது அவ்வளவு சீக்கிரம் இனம் கண்டுகொண்டதற்கு இந்தப் பழைய பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனிக் கான்செர்ட்டோவுக்குள் செல்வோம். ஐந்து பகுதிகள். வாத்திய கோஷ்டி மிகச் சிறியது: புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன், ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் ஆகியவற்றில் ஒவ்வொன்று, தாள வாத்தியங்கள், தந்தி வாத்தியங்கள். தந்தி வாத்தியங்களைக்கூட வகைக்கு ஒருவராக வைத்து வாசிக்கலாம், ஆனால் நாதத்தின் சமனுக்காகச் சிலரைச் சேர்த்துக்கொள்வது நலம் என்று அவர் குறிப்பெழுதியிருக்கிறார். நூறு பேர் கொண்ட சேனையை எதிர்த்து நிற்கும் ஒற்றை வீரன் என்ற பழைய சித்திரம் இங்கேயே கலைந்துவிடுகிறது. எதிர்த்து நிற்கச் சேனை இல்லை.

முதற்பகுதியின் லயம் நம் காதுக்கு எளிதில் விளங்கக்கூடியது. வேறு எந்த நாட்டு ரசிகருக்கும் இதை விளக்க நான் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தத்தை, ஒரு சாரார் அடிக்கு மூன்றாகப் பன்னிரண்டு துடிப்பாகவும், மற்றொரு சாரார் அடிக்கு இரண்டாக எட்டுத் துடிப்பாகவும் ஏககாலத்தில் எண்ணிச் செல்கிறார்கள். திஸ்ர நடையும் சதுஸ்ர நடையும் கேட்டுப் பழகிய நமக்கு இதில் விசேஷம் ஒன்றுமில்லை. லிகெட்டியும் இது மட்டும் புதிதல்ல என்றே சொல்கிறார். புதுமை அதற்கடுத்த படியில் இருக்கிறது. பன்னிரண்டாக எண்ணுகிறவர்கள் தங்கள் துடிப்புகளைச் சமமற்ற கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் தலையிலும் ஓர் அழுத்தம் வைக்கிறார்கள். எட்டாக எண்ணுகிறவர்களும் அப்படியே செய்கிறார்கள். இரு சாராரின் கூறுகளும் தத்தம் வரிசையில் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஒரு வரிசையின் நீளம் மற்றதன் நீளத்தோடு ஒத்துப் போவதில்லை. ஆகவே எந்த இரண்டு அழுத்தங்கள் எப்போது சந்திக்கும், எப்போது விலகும் என்பது கணந்தோறும் மாறிக்கொண்டே இருக்கிறது. நம்முடைய மிருதங்க வித்வான் கணக்கை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனாலும், கடைசியில் ஒரு தீர்மானம் வைத்து எடுப்பிலே கொண்டுவந்து இறக்கிவிடுவார். நாமும் தொடையில் தட்டித் தலையசைத்து மகிழ்வோம். இங்கே அந்தத் தீர்மானம் வருவதில்லை. காத்திருந்து காத்திருந்து, எண்ணிக்கொண்டிருந்த விரல்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன.

அப்படி நின்றுவிடும் அந்தக் கணத்தைத்தான் லிகெட்டி எதிர்பார்த்திருக்கிறார். சரியான வேகத்திலும், அந்தந்த அடுக்குக்குரிய அழுத்தம் பிசகாமலும் வாசித்தால், சிறிது நேரத்தில் இந்த இசை, ஓடுபாதையை விட்டு எழும்பும் ஆகாயவிமானம்போல் தரையை விட்டுக் கிளம்பிவிடும் என்பது அவருடைய வார்த்தையின் சாரம். நான் கேட்ட அனுபவத்தில் இது உண்மை. தனித்தனி அடிகளைப் பின்தொடர முடியாமல் மனம் கைவிட்டதும், அவ்வளவு பரபரப்பும் ஏதோ ஒருவகை நிச்சலனமாக மாறி, நாம் மிதப்பதுபோன்ற உணர்வு உண்டாகிறது. ஆனால் இந்த மிதப்பு கேட்கிறவருக்கு மட்டுமே. வாசிப்பவர்களில் ஒருவராவது மிதக்கத் தொடங்கினால் எல்லாம் நாசம்! பியானோக்காரரின் இரு கைகளும் வெவ்வேறு அழுத்தங்களைச் சுமந்துகொண்டு ஒன்றையொன்று விட்டு விலகிப் போக வேண்டிய இடங்கள் பல. அப்போது அவர் ஒரு கைக்குச் செவி கொடுத்தால் மற்றக் கை வழி தவறும். பியானோ வித்வானாக முடியாமற்போன ஒருவர், உலகத்துப் பியானோ வித்வான்கள் அனைவரையும் நடுங்கவைக்கும் பக்கங்களை எழுதினார் என்பதில் சற்றே குறும்பும் இருக்கிறது.

இவ்வளவு கஷ்டமான வேலையைச் செய்தும் பியானோக்காரருக்கு நாயக ஸ்தானம் கிடைப்பதில்லை. அவருடைய அழுத்தத்துக்கு அருகிலேயே தந்தி வாத்தியத்தின் சுண்டலோ, தாளக்காரரின் தட்டலோ, குழலின் ஒரு சிறு ஊதலோ வந்து ஒட்டிக்கொண்டு, எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி செய்துவிடுகிறது. வலையில் ஓர் இழை மற்ற இழைகளைவிடத் தடித்திருக்கலாம். அதற்காக அதுவே வலை ஆகிவிடாது.

இரண்டாம் பகுதிதான் இந்தப் படைப்பின் இதயம் என்பது என் துணிபு. மெதுவாகவும், பாழ்வெளிபோலவும் வாசிக்க வேண்டும் என்று அவர் தலைப்பிலே குறித்திருக்கிறார். டபுள் பாஸ் தாழ்ந்த ஸ்வரத்தில் நீண்டு நிற்க, அதன்மேல் பிக்கோலோ பாடத் தொடங்குகிறது. பிக்கோலோ என்பது வாத்திய கோஷ்டியிலேயே மிக உச்சமான ஸ்தாயியில் கீச்சிடும் சிறுகுழல். அதை லிகெட்டி அதன் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில், நாதத்தைவிட மூச்சே மிகுதியாகக் கேட்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அடுத்து வருவது பஸ்ஸூன். கீழ் ஸ்தாயியில் கம்பீரமாக உறுமப் பிறந்த அந்த வாத்தியத்தை, அதற்குத் தொண்டை அடைக்கும் உச்சியில் ஏற்றிவிடுகிறார். அப்புறம் ஒக்கரீனா என்னும் முட்டை வடிவ ஊதல், தண்டை இழுத்து இழுத்து ஊதினால் ஸ்வரம் வழுக்கி ஏறி இறங்கும் மற்றோர் ஊதல், மவுத் ஆர்கன். கச்சேரி மண்டபத்துக்குள் அனுமதி கிடைக்காத இந்த வஸ்துக்கள், முறையாகச் சுருதி சேர்த்த வாத்தியங்களோடு முழுவதும் இணங்காமல் ஒரு மயிரிழை தள்ளியே நிற்கின்றன. அந்தச் சுருதிப் பிசகு வேண்டுமென்றே வைத்த பிசகு. பியானோவோ உடனே வாய் திறப்பதில்லை. கான்செர்ட்டோவின் நாயகன் என்று நாம் நினைத்தவன், வந்த துக்கத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

படிப்படியாக இறங்கி இறங்கி வரும் அந்த ஸ்வர வரிசை, லிகெட்டியின் பிற்காலப் படைப்புகள் பலவற்றிலும் வருவது. டிரான்ஸில்வேனியாவில் துக்க வீட்டுக்கு வந்து ஒப்பாரி வைக்கும் பெண்களின் குரலை அவர் சிறுபிராயத்தில் கேட்டிருக்கிறார். ஒப்பாரி கேட்டவர்களுக்குத் தெரியும்: அழுகிற குரல் தனக்கு வசமான ஸ்தாயியில் நிற்பதில்லை, ஒன்று தொண்டை கட்டிக் கீழே கிடக்கும், அல்லது கிழிந்து மேலே ஏறும். ஒவ்வொரு வாத்தியத்தையும் அதற்கு வசமில்லாத இடத்தில் நிறுத்தியதன் ரகசியம் இதுவே என்று எனக்குப் படுகிறது. துக்கம் மெல்ல வளர்ந்து, ஓபோவும் கிளாரினெட்டும் பிக்கோலோவும் தாங்கவொண்ணாத உச்சியில் கூட்டாக வீறிட, சைரன் விசிலும் சைலபோனும் மாறி மாறி ஒலிக்கின்றன. சைரன் சத்தம் அந்தத் தலைமுறை ஐரோப்பியருக்கு எதை நினைவூட்டும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதி இன்ன சம்பவத்தைக் குறிக்கிறது என்று லிகெட்டி எங்கும் கதை கட்டவில்லை. நாமும் கட்ட வேண்டாம். தந்தையையும் தம்பியையும் அடக்கம் செய்யக்கூட வாய்க்காத ஒருவர் எழுதிய புலம்பல் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

மூன்றாம் பகுதி திரும்பவும் வேகமானது. இங்கே பண்டா லிண்டா கொம்புகளின் பாடம் முழுமையாகப் பலிக்கிறது. சரஞ்சரமாக ஓடும் துடிப்புகளில் ஆங்காங்கே ஒரு ஸ்வரம் அழுந்த, அழுந்திய ஸ்வரங்கள் தமக்குள் சேர்ந்து, எந்த வாத்தியக்காரருடைய தாளிலும் எழுதப்படாத, வேறு வேகத்தில் நடக்கும் மெட்டுகளாக நம் காதில் விழுகின்றன. ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தென்னந்தோப்பைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாய் இராது: நட்டவன் நேர்வரிசையாகத்தான் நட்டான், ஆனால் ரயில் ஓட ஓட அவன் நடாத சாய்வரிசைகள் பல தோன்றி விரிந்து திரும்பி மறைகின்றன. 1968-இல் ஹார்ப்ஸிகார்டுக்கு அவர் எழுதிய 'கன்டினுவம்' என்ற சிறு படைப்பிலேயே இந்த மாயையைப் பரீட்சித்திருந்தார்; அங்கே ஒரே வாத்தியம், இங்கே ஒரு கோஷ்டி.

இந்த மூன்று பகுதிகளோடு கான்செர்ட்டோ முடிந்துவிட்டது என்றே அவர் முதலில் நினைத்தார். 1986-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் அது அரங்கேறியது. நடத்தியவர் மாரியோ டி போனவெஞ்சுரா என்ற அமெரிக்கர். அவருக்கே இந்தப் படைப்பு சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது. பியானோ வாசித்தவர் அவருடைய சகோதரர் ஆண்டனி. இரண்டு நாள் கழித்து வியன்னாவில் மறுபடியும் வாசித்தார்கள். இரண்டு தரம் கேட்டுவிட்டு, மூன்றாம் பகுதி ஒரு முடிவாக நிற்கவில்லை, கட்டடம் இன்னும் மேலே எழும்ப வேண்டும் என்ற தீர்மானத்துக்கு லிகெட்டி வந்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு தம் படைப்பைப் பற்றித் தாமே அதிருப்திப்படுகிற குணம் அபூர்வமானது. மேலும் இரண்டு பகுதிகள் எழுதி, 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி வியன்னாவில், அதே சகோதரர்களைக் கொண்டு முழு உருவத்தில் அரங்கேற்றினார்.

புதிதாகச் சேர்ந்த நாலாம் பகுதி, இரண்டாவதற்கு அடுத்தபடியாக என் மனத்தைக் கவர்ந்தது. தொடக்கத்தில் துண்டும் துணுக்குமாகச் சில ஓசைகள்; நடுநடுவே வெற்றிடங்கள். ஒரு துணுக்குக்கும் அடுத்ததற்கும் உறவே இல்லைபோல் தோன்றும். போகப் போக அதே துணுக்குகள் நீண்டும் குறுகியும் உருமாறித் திரும்பி வந்து, வெற்றிடங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் எல்லாமே ஒரு சுழலுக்குள் இழுபட்டுப் போகின்றன. ஃப்ராக்டல் கணிதத்தின் செல்வாக்கு இங்கேதான் மிகுதி என்பார்கள். வாஸ்தவம், ஆனால் அந்தக் கணிதத்தைத் தெரிந்துகொண்டால்தான் இதை ரசிக்க முடியும் என்று சிலர் பயமுறுத்துவதை நான் ஒப்பவில்லை. படைத்தவருக்கு ஊக்கம் தந்த பொருள் வேறு, கேட்கிறவர் காதில் விழும் பொருள் வேறு. ஐந்தாம் பகுதி மிகச் சிறியது, மிக வேகமானது, ஒளி மிக்கது, கைத்திறனில் குறைவில்லை. ஆயினும் நாலாம் பகுதியின் சுழலிலிருந்து மீண்ட மனத்துக்கு அது சற்று லேசாகவே படுகிறது. அப்படிப் படுவது என் காதின் குறையாகவும் இருக்கலாம்; வெற்றி முழக்கத்தோடு முடிக்க அவர் மறுத்தது மட்டும் சரியென்றே நினைக்கிறேன்.

இதில் எல்லாம் கணக்குத்தானே, பாவம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை இரண்டாம் பகுதிக்கு அனுப்பிவிடலாம். அவர்களைவிடக் கஷ்டமானவர்கள் லிகெட்டிக்கு நெருங்கியவர்களிலேயே இருந்தார்கள். ஒரு பக்கம், காதுக்கு இதமான எதையும் துரோகமாகக் கருதிய பழைய புரட்சிக்காரர்கள்; மற்றொரு பக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பட்டுச் சட்டையை மறுபடியும் எடுத்துப் போட்டுக்கொண்டு, புதுமை போதும் என்று பின்னால் திரும்பிவிட்டவர்கள். இந்தக் கான்செர்ட்டோவைத் தம்முடைய கலைக்கொள்கையின் பிரகடனமாகவே கருதிய லிகெட்டி, இரு கட்சியாரிடமிருந்தும் தாம் சுதந்திரமாக நிற்பதை அதில் காட்டியதாகக் கூறினார். இரு தரப்பாரின் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவது லிகெட்டி சொன்னதல்ல, என் சொந்த அபிப்பிராயம். இந்த மனிதர் வாழ்நாளில் இரண்டு கொடுங்கோன்மைகளைக் கண்டவர். இரண்டும் தம்முள் எவ்வளவு மாறுபட்டாலும், ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டவை: ஒரு மகாவீரனை மேடையேற்றி நிறுத்துவதும், அவனுக்கு முன்னால் லட்சக்கணக்கான கால்களை ஒரே தாளத்தில் நடக்கச் செய்வதும் அவை இரண்டுக்கும் பொது. வீரனும் அணிவகுப்பும் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. இந்தக் கான்செர்ட்டோவில் இரண்டும் இல்லை. ஒவ்வொருவரும் தம் தம் கணக்கைத் தம் தம் நடையில், பக்கத்தில் இருப்பவருக்காகச் சிறிதும் வளைத்துக்கொள்ளாமல் நடத்திச் செல்கிறார்கள். எவரும் எவரையும் அடக்குவதில்லை, எவரும் எவரோடும் கால் ஒத்து நடப்பதுமில்லை. ஆயினும் குழப்பம் விளையாமல், எவர் ஒருவருக்கும் சொந்தமல்லாத ஒரு கானம் அங்கே உண்டாகிறது. ஒருவனுக்கும் பலருக்கும் நடுவே இருநூறு ஆண்டுகளாகக் கான்செர்ட்டோவில் நடந்துவந்த வழக்கை, யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டார் லிகெட்டி. மோஸார்ட்டின் தனிக்குரல் இங்கே கேட்காது என்பது உண்மைதான். அந்த நஷ்டம் நஷ்டமே. ஆனால் அந்த விலையைக் கொடுத்து அவர் வாங்கியது அற்பமானதல்ல.

லிகெட்டி 2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வியன்னாவில் காலமானார். இந்தக் கான்செர்ட்டோவை அவருடைய அபிமானத்துக்குப் பாத்திரமான பிரெஞ்சுப் பியானோ வித்வான் பியேர்-லோரான் எமார் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். ஒன்று பியேர் பூலே நடத்தியது, மற்றொன்று ரைன்பெர்ட் டி லியூவ் நடத்தியது. எது கிடைத்தாலும் கேளுங்கள். முதற்பகுதியில் விரலை மடக்கித் தாளம் எண்ண வேண்டாம். எண்ணினால் எரிச்சலே மிஞ்சும். இரண்டாம் பகுதியில் பேச்சுக்கொடுக்க யாரும் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவையிலேயே பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடாமல், இன்னொரு தடவையும் கேட்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. எழுதிய மனிதருக்கே, அது இன்னும் முடியவில்லை என்று கண்டுகொள்ள இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.